திருகோணமலையில் இருந்தபடி ஆதிக் கடற்பஞ்சுகளைப் படிக்கத் தொடங்குவது எப்படி

கோணேசர் மலைப் பாறையில் வளைந்து ஓடும் கறுப்பு வெள்ளைக் கோடுகளைக் காட்டி, "இது பழைய கடலடி மண்ணின் அடுக்கா?" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். ஆனால் அவை கடலடி அடுக்குகள் அல்ல. திருகோணமலையைச் சுற்றியுள்ள பாறை ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் வெந்து, நசுங்கி, உருமாறிய பாறை. நீங்கள் பார்க்கும் கோடுகள் அந்த வெப்பத்தில் கனிமங்கள் தனித்தனியாகப் பிரிந்து நின்ற பட்டைகள். அந்த அளவு வெந்த கல்லில் உயிரின் சுவடு எதுவும் மிஞ்சாது. ஆகவே புதிதாகத் தொடங்குபவர் முதலில் செய்ய வேண்டியது, சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிடுவது. இங்கே அதற்கு வேலை இல்லை.

அப்படியானால் பழைய பாறைத்திட்டுகளைக் கட்டிய கடற்பஞ்சுகளைப் பற்றி இந்த ஊரில் இருந்துகொண்டு என்ன படிக்க முடியும்? நிறைய முடியும். உயிர்ச்சுவடு படிக்கும் பலருக்குக் கல் கிடைக்கிறது, உயிருள்ள விலங்கு கிடைப்பதில்லை. நமக்கு மறுவளம். நிலாவெளிக்கு எதிரே உயிருள்ள முருகைக்கல் திட்டு இருக்கிறது. கரைவலையில் கடற்பஞ்சு ஏறி வருகிறது. கல்லைப் பொறுத்தவரை, நம் சொந்தக்காரர்கள் போய்க் குடியேறிய நாடுகளில் சில, உலகின் நல்ல கடற்பஞ்சுச் சுவடுகள் கிடைக்கும் நாடுகள். இந்த மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்தும் வழியைத்தான் கீழே சொல்கிறேன்.

முதலில் உடம்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

கடற்பஞ்சு ஒரு விலங்கு. அதற்கு வாய் இல்லை, வயிறு இல்லை, நரம்பு இல்லை. உடம்பெங்கும் உள்ள நுண்துளைகள் வழியாக நீர் உள்ளே போகும். உள்ளே கிளை கிளையாக ஓடும் கால்வாய்களில் உணவுத் துகள்கள் பிடிபடும். பிறகு நீர் ஒரு பெரிய வாயில் வழியாக வெளியேறும். சிறு துளை, கால்வாய், பெரு வாயில்: இந்த நீரோட்டப் பாதையை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். 50 கோடி ஆண்டு பழைய கல்லிலும் நீங்கள் தேடப் போவது இதே பாதையைத்தான்.

உடம்பைத் தாங்கி நிற்பவை நுண்முட்கள். சில வகைகளில் அவை சிலிக்காவால், அதாவது கண்ணாடிக்கு நெருங்கிய பொருளால் ஆனவை. சில வகைகளில் சுண்ணாம்பால் ஆனவை. குளிக்கப் பயன்படுத்தும் பஞ்சில் இரண்டும் இல்லை, வெறும் நார்தான். அதனால் அந்த வகை பாறையில் சுவடு விடுவது அரிது. கல்லாகி நிலைத்தவை பெரும்பாலும் முள்ளுள்ளவையும், முள்ளோடு சேர்த்துத் திண்ணிய சுண்ணாம்பு அடித்தளத்தையும் கட்டியவையுமே.

புறாத்தீவில் எதைப் பார்ப்பது

நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோமீற்றரில் இருக்கும் புறாத்தீவு 1963-இல் சரணாலயமாகி, 2003-இல் தேசிய பூங்காவானது. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டு எடுத்துத்தான் போக வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும், நீரும் தெளிவாக இருக்கும். வாடைக்காலத்தில் போய்ப் பயனில்லை. அங்கிருந்து கல், சிப்பி, இறந்த முருகைத் துண்டு எதையும் எடுத்து வரக் கூடாது. முருகைக்கல்லின் மேல் நிற்கவும் கூடாது.

போகும் எல்லோரும் மீனையும் ஆமையையும்தான் பார்ப்பார்கள். நீங்கள் முருகைக்கற்களின் அடிப்பக்கத்தையும் இடுக்குகளையும் நிழல் விழும் ஓரங்களையும் பாருங்கள். செம்மஞ்சள், ஊதா, கறுப்பு நிறங்களில் தோல் போலப் படர்ந்தும், சின்னச் சின்னக் குழாய்களாக நீட்டிக்கொண்டும் இருப்பவற்றில் பல கடற்பஞ்சுகள். முகமூடியை நெருக்கிப் பார்த்தால் அந்தப் பெரு வாயில் வட்டமாகத் தெரியும். கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு: இன்றைய திட்டில் வீட்டைக் கட்டுவது முருகை, கடற்பஞ்சு அதன் மூலையில் ஒதுங்கி வாழ்கிறது. பூமியின் வரலாற்றில் நெடுங்காலம் நிலைமை இப்படி இருக்கவில்லை. பெரிய அளவில் வீட்டைக் கட்டிய முதல் விலங்கே கடற்பஞ்சுதான்.

கரைவலைக் குப்பையிலிருந்து ஒரு பாடம்

வலை இழுத்து முடிந்ததும் மீனைத் தெரிந்தெடுத்து, மிச்சத்தை மணலில் எறிந்துவிடுவார்கள். அந்த மிச்சத்தில் கடற்பஞ்சுத் துண்டுகள் அடிக்கடி கிடக்கும். வலைக்காரரிடம், "அண்ணை, பஞ்சு மாதிரி ஏதும் வந்தா எறியாம ஒரு பக்கம் வையுங்கோ" என்று ஒரு சொல் சொல்லி வைத்தால் போதும், வைத்துத் தருவார்கள். வெறும் கையால் அழுத்தித் தேய்க்க வேண்டாம். கண்ணாடி முட்கள் விரலில் ஏறும். சில வகை கடும் அரிப்பையும் தரும். ரப்பர் கையுறை போடுங்கள்.

நகமளவு துண்டு ஒன்றை வெட்டி, ஒரு சின்னக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, துணி வெளுக்கும் பிளீச்சை அது மூழ்கும் அளவு ஊற்றுங்கள். காற்றோட்டமான இடத்தில், முற்றத்தில் என்றால் இன்னும் நல்லது, ஓர் இரவு விட்டுவிடுங்கள். தசை கரைந்துபோய், அடியில் வெண்மணல் போல ஒரு படிவு தங்கும். மேல்நீரை மெல்லச் சரித்து ஊற்றிவிட்டு, நல்ல நீர் விட்டு, மறுபடி தங்கவிட்டு ஊற்றுங்கள். மூன்று நான்கு தரம் இப்படிச் செய்தபின், அடியில் இருப்பதில் ஒரு துளியை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பாடசாலை நுணுக்குக்காட்டியில் பாருங்கள்.

அந்தக் காட்சி வேலைக்குத் தகுந்த கூலி. இரு முனையும் கூரான ஊசிகள், ஒரு முனையில் மட்டும் தலை உள்ள குண்டூசிகள், மூன்று நான்கு கதிர் விரிந்தவை, நட்சத்திரங்கள் என்று, மணல் என்று நினைத்தது முழுக்க ஒழுங்கான உருவங்களாக நிற்கும். அவற்றைத் தாளில் வரையுங்கள். படம் எடுப்பதைவிட வரைவது கண்ணைப் பழக்கும். அச்சுகள் செங்குத்தாகச் சந்திக்கும் ஆறு கதிர் முட்கள் கண்ணாடிக் கடற்பஞ்சுக்கு உரியவை. அவை பெரும்பாலும் ஆழ்கடல்வாசிகள் என்பதால் கரைவலையில் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் சுவடுகளில் அவற்றைச் சந்திப்பீர்கள்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. இந்தப் போத்தலில் வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ ஒரு துளியும் படக் கூடாது. பிளீச்சும் புளியும் சேர்ந்தால் நச்சுவாயு எழும். பின்னால் வினாகிரிச் சோதனை ஒன்று வருகிறது. அதை வேறு நாளில், வேறு பாத்திரத்தில் செய்யுங்கள்.

ஓட்டைச் சிப்பி

இது நான் மிகவும் விரும்பும் பாடம், செலவும் இல்லை. உப்புவெளிக் கரையிலோ டச்சுக்குடாவிலோ மெல்ல நடந்து, அலை ஒதுக்கிய தடித்த சிப்பிகளைப் பாருங்கள். சிலவற்றின் மேற்பரப்பில் குண்டூசித் தலையளவு வட்ட ஓட்டைகள் நிறைய இருக்கும். உடைந்த ஓரத்தைத் திருப்பிப் பார்த்தால், அந்த ஓட்டைகள் உள்ளே போய்ச் சிறு அறைகளாக விரிந்து, ஓர் அறை இன்னொன்றோடு ஒடுங்கிய வழியால் இணைந்திருப்பது தெரியும். இது கிளையோனா என்ற துளைபோடும் கடற்பஞ்சின் வேலை. இரசாயனப் பொருளைச் சுரந்து சுண்ணாம்பைக் கரைத்து, மிக நுண்ணிய சில்லுகளாகப் பெயர்த்து, அந்தக் குழிக்குள் அது குடியிருக்கும்.

இதே அறைத்தொடர் பழைய சிப்பிகளிலும் முருகைகளிலும் கல்லாகி நிற்கிறது. அந்தச் சுவடுக்கு என்டோபியா என்று பெயர். விலங்கின் உடல் ஒரு துளியும் மிஞ்சாமல், அது வாழ்ந்த இடம் மட்டும் மிஞ்சிய சுவடு. கையில் இருக்கும் சிப்பியில் ஓட்டைகளின் அகலத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள், உடைந்த பக்கத்தைப் படம் எடுங்கள், சிப்பியை அங்கேயே விட்டுவிடுங்கள்.

பழைய கட்டடக்காரர்கள் யார் யார்

இப்போது கல்லுக்கு வருவோம். புதியவர் எல்லாக் குழுவையும் பாடமாக்கத் தேவையில்லை. நான்கைத் தெரிந்தால் பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

மிகப் பழையவை ஆர்க்கியோசயத்துகள். சுமார் 52 கோடி ஆண்டுகளுக்கு முன், கேம்பிரியன் காலத்தின் தொடக்கப் பகுதியில் வாழ்ந்தவை. கடற்கரையில் கச்சான் சுற்றித் தரும் கடதாசிச் சுருள் ஒன்றுக்குள் இன்னொன்றைச் செருகி, இரண்டுக்கும் நடுவே சின்னச் சின்னத் தடுப்புகள் வைத்ததுபோல அமைப்பு. இரண்டு சுவரிலும் துளைகள். குறுக்கே வெட்டிய கல்லில் இரட்டை வளையமாகத் தெரியும். சைபீரியாவிலும் தென் அவுஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரிலும் அன்டாட்டிக்காவிலும்கூடக் கிடைக்கின்றன. பெரிய அளவில் பாறைத்திட்டு கட்டிய முதல் விலங்குகள் இவைதான். ஆனால் அவற்றின் கட்டடக் காலம் இரண்டு கோடி ஆண்டுகூட நீடிக்கவில்லை.

அடுத்தவை ஸ்ட்ரோமடோபொரொய்டுகள். பெயர் நீளம், ஆனால் இவற்றுக்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். ஓடோவிசியன் காலத்தில் எழும்பி, அடுத்து வந்த சைலூரியன், டெவோனியன் காலங்களில் (மூன்றும் சேர்த்து ஏறத்தாழ 48 முதல் 36 கோடி ஆண்டுகளுக்கு முன்) கடலெங்கும் திட்டுக் கட்டியவை இவை. சுவீடனின் கோத்லாந்துத் தீவிலும் மேற்கு அவுஸ்திரேலியாவின் கானிங் படுகையிலும் இவற்றின் கட்டடங்களை இன்றும் நேரில் பார்க்கலாம். கையளவுக் கட்டியும் உண்டு, ஒரு மீற்றரைத் தாண்டியவையும் உண்டு. பக்கவாட்டில் வெட்டிய முகத்தில் மெல்லிய கிடைக்கோடுகளும், அவற்றை இணைக்கும் குட்டித் தூண்களும் தெரியும். மேல்முகத்தில் சின்ன மேடுகள் இருக்கும். சிலவற்றில் அந்த மேட்டின் உச்சியிலிருந்து நட்சத்திரம் போலக் கிளைத்து ஓடும் வாய்க்கால்கள் இருக்கும். நீர் வெளியேறிய பாதை அது.

இந்தக் குழு எந்த விலங்கு என்பதில் நீண்ட காலம் வழக்கு இருந்தது. பலர் இவற்றை முருகைகளுக்கு உறவான வேறொரு குழுவில் வைத்திருந்தார்கள். ஜமேக்காவின் முருகைத் திட்டுகளில் இருண்ட குகைகளிலும் ஆழமான சரிவுகளிலும் வாழும் கல்லுடம்புக் கடற்பஞ்சுகளை ஹார்ட்மனும் கோரோவும் ஆராய்ந்து 1970-இல் எழுதியபோதுதான் நிலைமை திரும்பியது. உயிருள்ள அந்த விலங்குகளின் மேற்பரப்பிலும் அதே நட்சத்திர வாய்க்கால்கள் இருந்தன. உயிருள்ளதைப் பார்த்தால்தான் இறந்ததைப் படிக்கலாம் என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. டெவோனியன் காலத்தின் பிற்பகுதியில், சுமார் 37 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த பேரழிவு இவற்றின் திட்டுகளைச் சரித்தது.

மூன்றாவது, அறை அறையாக மணிக்கோவை போல வளர்ந்த ஸ்பிங்க்டோசோவாக்கள். அமெரிக்காவின் டெக்சஸில் உள்ள எல் கப்பித்தான் மலை, சுமார் 26 கோடி ஆண்டுகளுக்கு முன் இவையும் உறவினங்களும் பாசிகளும் சேர்ந்து கட்டிய திட்டின் மிச்சம்.

நான்காவது கண்ணாடிக் கடற்பஞ்சுகளும் அவற்றோடு வாழ்ந்த மற்றச் சிலிக்காக் கடற்பஞ்சுகளும். ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில், சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன், இன்றைய போர்த்துக்கல் முதல் ருமேனியா வரை கடலடியில் இவை திட்டுகளாக நின்றன. தென் ஜேர்மனியில் அவை மலையாகவே நிற்கின்றன. தட்டு, கிண்ணம், குவளை வடிவங்களைத் தேடுங்கள். இப்படியான திட்டுகள் அடியோடு அழிந்துவிட்டன என்றுதான் நினைத்திருந்தார்கள். 1987-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு அப்பால், 140 முதல் 240 மீற்றர் ஆழத்தில், ஏறத்தாழ 9,000 ஆண்டு வயதான உயிருள்ள கண்ணாடிக் கடற்பஞ்சுத் திட்டுகள் கண்டுபிடிக்கப்பட்டன. 2017-இல் அவை பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவிக்கப்பட்டன.

எதோடு எதைக் குழப்புவோம்

முருகையும் கடற்பஞ்சும் கல்லானபின் ஒன்று போலத் தோன்றும். 10 மடங்கு பெரிதாக்கும் கைவில்லையைக் கண்ணோடு ஒட்டி வைத்து, கல்லை அதன் அருகே கொண்டு வாருங்கள். கல்லை நனைத்துக்கொண்டால் உள்ளமைப்பு பளிச்சென்று எழும். மேற்பரப்பு மேடுபள்ளங்களுக்கு, காய்ந்த கல்லில் கைத்தொலைபேசி விளக்கைச் சாய்வாக அடியுங்கள்.

ஒவ்வொரு துளைக்கும் தனிச் சுவர் இருந்து, அந்தச் சுவரிலிருந்து நடுவை நோக்கித் தகடுகள் நீண்டால் அது முருகை. நட்சத்திரம் ஒரு கிண்ணத்துக்குள் அடங்கியிருக்கும். ஸ்ட்ரோமடோபொரொய்டின் நட்சத்திரத்துக்கு வேலி கிடையாது. நுனிகள் கிளைத்துக் கிளைத்து மெலிந்து மறைந்துவிடும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஆர்க்கியோசயத்தின் நடுத்தடுப்புகள் மட்டும் முருகைத் தகடுபோல ஏமாற்றும். அங்கே உள்சுவர் ஒன்று தனியாக இருக்கிறதா, நடு வெறுமையாக இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் கரையில் ஒதுங்கும் நுரைக்கல்லும் துளை துளையாக இருக்கும். நீரில் போட்டால் மிதக்கும். செம்பூரான் கல்லின் துளைகளில் எந்த ஒழுங்கும் இராது. காய்ந்த மாட்டெலும்பின் உட்புறமும் பலரை ஏமாற்றியிருக்கிறது. துளை மட்டும் போதாது. நீர் நுழைந்து வெளியேறிய பாதை தெரிய வேண்டும்.

பிறகு வினாகிரி. கல்லின் பயனற்ற ஓரம் ஒன்றை இரும்பாணியால் கீறி, அந்தத் தூளின் மேல் ஒரு துளி விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. நுரைக்காமல், ஆணியும் கீறாமல், கல்லின் மேல் ஆணியின் இரும்புக் கோடே பதிந்தால் சிலிக்கா. சோதித்த இடத்தை உடனே நீரால் கழுவிவிடுங்கள். இதை வைத்து, சுண்ணாம்புக் கல் என்றால் சுண்ணாம்புக் கடற்பஞ்சு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கடற்பஞ்சின் சிலிக்கா எளிதில் கரையக்கூடியது. அது கரைந்துபோன இடத்தில் சுண்ணாம்பு வந்து நிரம்புவது வழக்கம். கரைந்த சிலிக்கா வேறிடத்தில் போய்த் திரண்டு சிக்கிமுக்கிக் கல்லாகும். சோதனை சொல்வது கல் இன்று என்ன என்பதை மட்டும். விலங்கு அன்று என்ன என்பதை வடிவமும் முள்ளும்தான் சொல்லும்.

வெளிநாட்டுச் சொந்தத்துக்கு ஒரு வேலை

ஜேர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் சித்தப்பா இருக்கிறாரா? அவர் வீட்டிலிருந்து சுவாபியன் அல்ப் மலை தொலைவில்லை. ஜுராசிக் கடற்பஞ்சுத் திட்டுகள் அங்கேதான். லண்டனில் மச்சான் என்றால், கென்ட், சசெக்ஸ் கரைகளின் வெண்சுண்ணப் பாறையிலிருந்து விழும் கூழாங்கற்களில் போரோஸ்பேரா என்ற உருண்டைக் கடற்பஞ்சு கிடைக்கும். கோலிக்குண்டைவிடச் சிறியது, சிலதில் நடுவே இயற்கையாகவே ஓட்டை. அதே கரையில் காலில் இடறும் சிக்கிமுக்கிக் கற்களின் சிலிக்காவில் பெரும்பகுதி கடற்பஞ்சு முட்களிலிருந்து வந்ததுதான். ரொறன்ரோக்காரருக்கு ஒன்ராறியோவின் சைலூரியன், டெவோனியன் சுண்ணக்கற்களில் ஸ்ட்ரோமடோபொரொய்டு. தென் அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் யாரும் இருந்தால் கேட்கவே வேண்டாம், ஆர்க்கியோசயத்துகளைப் பார்க்க அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள்.

கல்லைப் பெட்டியில் போட்டு அனுப்பச் சொல்ல வேண்டாம். பல இடங்களில் எடுப்பதற்குத் தடை உண்டு, நாட்டுக்கு வெளியே அனுப்புவதற்குத் தனி விதிகள் உண்டு. சுண்ணப் பாறைச் செங்குத்தின் அடியில் நிற்பதும் ஆபத்து, கல் சொல்லாமல் விழும். நமக்கு வேண்டியது படம். கேட்கும்போது தெளிவாகக் கேளுங்கள்: மேல்முகம், பக்கமுகம், உடைந்த முகம் மூன்றும் வேண்டும், ஒவ்வொன்றிலும் பக்கத்தில் அளவுகோலோ நாணயமோ இருக்க வேண்டும், நனைத்து ஒன்று, காய்ந்தபடி ஒன்று, கல் கிடந்த இடத்தைத் தூரத்திலிருந்து ஒன்று. இடத்தின் பெயரைக் குரற்பதிவில் சொன்னால்கூடப் போதும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பெரியவர்களைவிட நன்றாகச் செய்வார்கள்.

நாட்டுக்குள்ளே கல்லில் கைவைத்துப் பார்க்க ஆசை என்றால் யாழ்ப்பாணம் போகலாம். அங்குள்ள சுண்ணக்கல் மயோசீன் காலத்தது, அதாவது ஏறத்தாழ 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டது. சிப்பி, முருகை, நுண்ணுயிர் ஓடுகள் எல்லாம் அதில் உண்டு. கடற்பஞ்சுத் திட்டுகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள், அந்தக் காலத்தில் கட்டடவேலை முருகைகளின் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அடுக்குப் பாறையில் சுவடு எப்படிப் பதிந்து கிடக்கிறது என்று கண் பழகும். கோட்டைச் சுவரின் முருகைக்கற்களையும் கைவில்லையோடு பாருங்கள். மேலே சொன்ன, கிண்ணத்துக்குள் அடங்கிய நட்சத்திரத்தைப் பழக அது நல்ல இடம்.

குறிப்பேடு

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பக்கம். இடம், பாறையின் காலம், அளவு, கல்லை வைத்திருப்பவர் சோதித்திருந்தால் வினாகிரி முடிவு, நீங்கள் வரைந்த படம், எந்தக் குழு என்று நினைக்கிறீர்கள், ஏன். அந்த 'ஏன்' தான் முக்கியம். "ஸ்ட்ரோமடோபொரொய்டு, பக்கமுகத்தில் கிடைக்கோடும் தூணும் உண்டு, நட்சத்திரத்துக்குச் சுவர் இல்லை" என்று எழுதினால் அதைப் பிறகு இன்னொருவர் சரிபார்க்கலாம். குழுவளவில் நின்றுகொள்ளுங்கள். இனப்பெயர் வைக்கக் கல்லை மெல்லிய தகடாக அறுத்து நுணுக்குக்காட்டியில் பார்க்க வேண்டும், படத்தை வைத்து முடியாது.

பத்துப் பக்கம் சேர்ந்ததும் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறைக்கு எழுதலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாக அனுப்பாமல், உங்களுக்கு மிகவும் குழப்பம் தந்த இரண்டை மட்டும் தெரிந்து, மூன்று முகப் படங்களோடும் உங்கள் 'ஏன்' வரியோடும் அனுப்புங்கள். "இது என்ன?" என்று கேட்பதைவிட, "நான் இதை இந்தக் காரணத்தால் கடற்பஞ்சு என்று நினைக்கிறேன், சரியா?" என்று கேட்டால் பதிலும் பயனுள்ளதாக வரும்.